குரல் எங்கே அறுந்துபோகிறது? கேம் குழுவின் வாய்ஸ் சாட் கோளாறுகள், அறிகுறி வாரியாக

ஒருவர் அல்சூரில், ஒருவர் மாரத்தஹள்ளி பிஜி விடுதியில், ஒருவர் எலக்ட்ரானிக் சிட்டியில், இன்னொருவர் ஓசூரிலிருந்து மொபைலில். பெங்களூரின் தமிழ் கேம் குழுக்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஆளுக்கொரு இணைய இணைப்பு, ஆளுக்கொரு ஹெட்செட். கோளாறு என்று வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் செட்டிங்ஸுக்குள் புகுந்து கண்டதை மாற்றுவார்கள். எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று அதன் பிறகு யாருக்கும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், உடனே ஒரு சோதனை. இந்த ஒழுங்கைக் குழு முழுவதும் பிடித்தால்தான் கீழே உள்ளவை பலன் தரும்.

எதையும் தொடுவதற்கு முன் இடத்தைக் கண்டுபிடியுங்கள். குரல் மூன்று கட்டங்களைத் தாண்ட வேண்டும்: மைக்கிலிருந்து செயலிக்கு, செயலியிலிருந்து சர்வர் வழியாக மற்றவரின் கருவிக்கு, அங்கிருந்து அவர் காதுக்கு. டிஸ்கார்ட் என்ற குரல் அரட்டைச் செயலியில் பேசும்போது உங்கள் படத்தைச் சுற்றி வரும் பச்சை வளையமே இதற்கு அளவுகோல். உங்கள் திரையிலேயே வளையம் வரவில்லை என்றால் கோளாறு முதல் கட்டத்தில். உங்கள் திரையில் வருகிறது, மற்றவர் திரையில் வரவில்லை என்றால் இரண்டாம் கட்டம். எல்லோர் திரையிலும் வளையம் வருகிறது, ஒருவருக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் கேட்காதவரின் ஸ்பீக்கர் பக்கத்தைப் பாருங்கள். வளையம் எரிந்தும் ஒருவருக்குமே பேச்சு கேட்கவில்லை என்றால், செயலி வேறு ஏதோ ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு அறையின் இரைச்சலை அனுப்புகிறது.

கீழே சொல்வதெல்லாம் விண்டோஸ் 11-இல் ஓடும் டிஸ்கார்டுக்கு. மொபைலும், சொந்த சர்வரில் ஓட்டக்கூடிய குரல் செயலியான மம்பிளும் கடைசியில் தனியாக வருகின்றன.

"மச்சி, நான் பேசுறது யாருக்குமே கேக்கல"

டிஸ்கார்டை மூடிவிட்டு விண்டோஸிலிருந்து தொடங்குங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்டு என்று போய் இன்புட் பகுதியில் உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுத்துப் பேசுங்கள். அங்கே உள்ள பட்டை அசையவில்லை என்றால் டிஸ்கார்டுக்குள் எதை மாற்றியும் பயனில்லை. ஹெட்செட் ஒயரில் இருக்கும் மியூட் ஸ்விட்சை முதலில் பாருங்கள், பாதிக் கோளாறு அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது பின். மொபைலோடு வரும் இயர்போனின் 3.5 மிமீ பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும், அதாவது நான்கு தொடுபகுதிகள். ஒலிக்கு இரண்டு, எர்த்துக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று. டெஸ்க்டாப்பில் ஒலிக்குப் பச்சையும் மைக்குக்கு ரோஸும் தனித்தனி ஓட்டைகள். பச்சையில் இதைச் செருகினால் பாட்டு கேட்கும், மைக் செத்ததுபோல இருக்கும். மைக் தொடுபகுதி போய்ச் சேர அந்த ஓட்டையில் இடமே இல்லை. ஒரு பக்கம் நான்கு தொடுபகுதி ஓட்டையும் மறுபக்கம் இரண்டு பின்னும் உள்ள ஸ்பிளிட்டர் வேண்டும். பெங்களூர் எஸ்பி ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்கும்போது "ஹெட்செட்டும் மைக்கும் பிரிக்கிறது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஒரே பாட்டைக் கேட்கும் ஸ்பிளிட்டரும் பார்க்க அதேபோல இருக்கும், ஆனால் அது உதவாது. ஸ்பிளிட்டரை விட யுஎஸ்பி சவுண்டு கார்டு நல்லது என்பது எங்கள் தீர்மானம். பின் தகராறு, முன்பலகை ஒயர் தகராறு, டிரைவர் தகராறு மூன்றையும் அது ஒரே அடியில் தாண்டிவிடும்.

விண்டோஸ் பட்டை அசைகிறது, டிஸ்கார்டில் வளையம் இல்லை என்றால், பிரைவசி அண்டு செக்யூரிட்டிக்குள் மைக்ரோஃபோன் பகுதியைத் திறங்கள். அதில் டெஸ்க்டாப் செயலிகளுக்கு மைக் அனுமதி தரும் ஸ்விட்ச் பட்டியலின் கடைசியில் இருக்கிறது. மேலே உள்ள ஸ்விட்சுகளை மட்டும் பார்த்துவிட்டு இதைத் தவறவிடுபவர்கள் அதிகம். பிறகு டிஸ்கார்டின் வாய்ஸ் அண்டு வீடியோ பக்கத்தில் இன்புட் டிவைஸை 'டிஃபால்ட்' என்று விடாமல் உங்கள் ஹெட்செட்டின் பெயரையே தேர்ந்தெடுங்கள். வெப்கேமிலும் சில கேம் கன்ட்ரோலர்களிலும் மைக் உண்டு, புதிதாக ஒன்றைச் செருகியதும் டிஃபால்ட் அதற்குத் தாவிவிடும்.

சேனல் பட்டியலில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மைக் படம் சிவப்பாக இருந்தால் உங்களை சர்வர் அளவில் மியூட் செய்திருக்கிறார்கள், அல்லது அந்தச் சேனலில் உங்களுக்குப் பேச அனுமதி இல்லை. அதை அட்மின்தான் எடுக்க வேண்டும்.

"நீ சொல்ற முதல் எழுத்து எப்பவும் கட்டாகுது"

வாய்ஸ் ஆக்டிவிட்டி முறையில் ஒலி ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் மைக் திறக்கும். அளவு உயரத்தில் இருந்தால் சொல்லின் தொடக்கம் வாசலிலேயே நின்றுவிடும். ஆட்டத்தில் நாம் சொல்வதெல்லாம் 'வா', 'போ', 'நில்', 'மேல' என்று ஓரிரு எழுத்துச் சொற்கள். தொடக்கம் போனால் சொல்லே போச்சு.

இன்புட் சென்சிட்டிவிட்டியின் தானியங்கி முறையை அணையுங்கள். ஃபேனைப் போட்டுவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் வாய்திறக்காமல் பட்டையைப் பாருங்கள். அறையின் இரைச்சல் மைனஸ் 60 டெசிபெலில் நிற்கிறது என்றால் கோட்டை மைனஸ் 50 பக்கம் வையுங்கள். இரைச்சலுக்கு மேலே பத்து டெசிபெல் இடைவெளி போதும். மெதுவாக 'வா' என்று சொன்னாலும் கோட்டைத் தாண்டுகிறதா என்று சோதியுங்கள். தாண்டவில்லை என்றால் கோட்டை இறக்காதீர்கள், மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவாருங்கள். உதட்டின் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தூரம், மூச்சுக்காற்று நேராகப் படாத பக்கம்.

சொல்லின் நடுவிலும் முடிவிலும் விழுங்குகிறது என்றால் இரைச்சல் நீக்கியைச் சந்தேகியுங்கள். டிஸ்கார்டில் இருக்கும் க்ரிஸ்ப், குக்கர் விசிலையும் கீபோர்டுத் தட்டலையும் நன்றாகவே அடக்கும். ஆனால் ஹெட்செட்டின் சொந்த மென்பொருளோ என்விடியா பிராட்காஸ்டோ அதற்கு முன்பே ஒரு முறை வடிகட்டியிருந்தால், இரண்டாவது வடிகட்டல் குரலையே இரைச்சல் என்று எடுத்து வெட்டும். ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

"கேம் ஓபன் பண்ணதும் புஷ் டு டாக் செத்துடுது"

புஷ் டு டாக் என்றால் ஒரு விசையை அழுத்தியிருக்கும்போது மட்டும் மைக் திறப்பது. அது சாவதற்குக் காரணம், கேம் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு ஓடுகிறது, டிஸ்கார்ட் சாதாரணமாக ஓடுகிறது. உயர்ந்த உரிமையோடு ஓடும் ஜன்னலுக்குப் போகும் விசைகளைத் தாழ்ந்த உரிமையுள்ள செயலி பார்க்க விண்டோஸ் விடாது. கேமுக்கு அந்த உரிமை தேவையில்லை என்றால் அதன் பிராப்பர்ட்டிஸில் எடுத்துவிடுங்கள், அதுவே நல்ல வழி. முடியாவிட்டால் டிஸ்கார்டை டாஸ்க்பாரின் மூலையிலிருந்து முழுவதுமாக மூடி, ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். பிரவுசரில் டிஸ்கார்ட் வைத்திருப்பவருக்கு இந்த வழியும் கிடையாது. அந்த டேப் முன்னால் இருக்கும்போது மட்டும்தான் விசை வேலை செய்யும்.

"ரோபோ மாதிரி பேசுற, விட்டு விட்டு வருது"

அதிகம் வரும் புகாரும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் புகாரும் இதுதான். "என்னோடது 100 எம்பிபிஎஸ் லைன்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டிஸ்கார்ட் சேனலின் வழக்கமான அளவு 64 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 64 கிலோபிட். குரலைச் சுருக்கும் முறையான ஓபஸ் கோடெக் அதை 20 மில்லிசெகண்டுத் துண்டுகளாக நறுக்குகிறது, நொடிக்கு 50 பொட்டலங்கள். பொட்டலங்களின் முகவரிச் சுமையையும் சேர்த்தால்கூட ஒருவரின் குரல் 100 கேபிபிஎஸ்ஸைத் தாண்டாது. சிக்கல், அந்த 50-உம் சீரான இடைவெளியில் போய்ச் சேருகிறதா என்பதில்தான். ஓரிரண்டு தொலைந்தால் ஓபஸ் இட்டு நிரப்பி மறைத்துவிடும். தொடர்ந்து தொலைந்தால்தான் அந்த உலோகக் குரல்.

யாருடைய இணைப்பு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒருவர் குரல் மட்டும் எல்லோருக்கும் உடைந்து கேட்டால், அவருடைய அப்லோடு. ஒருவருக்கு மட்டும் எல்லோர் குரலும் உடைந்தால், அவருடைய டவுன்லோடு. எல்லோருக்கும் எல்லோர் குரலும் உடைந்தால் சர்வர். கடைசி வகைக்குத் தீர்வு எளிது. சேனல் செட்டிங்ஸின் ஓவர்வியூவில் ரீஜன் ஓவர்ரைடு இருக்கிறது, அதை 'இந்தியா' என்று வையுங்கள். தானியங்கியாக விட்டால், முதலில் சேனலுக்குள் வருபவர் விபிஎன்னில் (வேறு ஊர் சர்வர் வழியாகப் போகும் இணைப்பில்) இருந்தால்கூட சர்வர் வேறு கண்டத்துக்குப் போய்விடலாம்.

சம்பந்தப்பட்டவர் இடதுபக்கம் கீழே உள்ள 'வாய்ஸ் கனெக்டெட்' என்ற பச்சை எழுத்தை அழுத்தினால் பிங் (பொட்டலம் போய்த் திரும்பும் நேரம்), பாக்கெட் லாஸ் (தொலைந்த பொட்டலங்களின் சதவீதம்) இரண்டும் தெரியும். 250 மில்லிசெகண்டுக்கு மேல் பிங் போனால் பேச்சு தாமதமாவது காதுக்கே தெரியும். லாஸ் 10 சதவீதத்தைத் தாண்டினால் ரோபோதான். பெங்களூரிலிருந்து இந்திய ரீஜனுக்கு நல்ல ஃபைபர் லைனில் சில பத்து மில்லிசெகண்டுகளே ஆகும். முந்நூறைக் காட்டினால் வழியில் ஏதோ தவறு.

இப்போது இரண்டு கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல்களைத் திறங்கள். ஒன்றில் பிங் கட்டளையை மைனஸ் டி சேர்த்து ரூட்டரின் முகவரிக்கு அனுப்புங்கள், பல வீடுகளில் அது 192.168.1.1 ஆக இருக்கும். மற்றதில் அதையே கூகுளின் பொது சர்வரான 8.8.8.8-க்கு அனுப்புங்கள். இரண்டையும் ஓடவிட்டு ஐந்து நிமிடம் ஆடுங்கள்.

ரூட்டர் ஜன்னலில் வரும் மில்லிசெகண்டு எண்ணே 2-இலிருந்து 80, 200 என்று குதித்தால் கோளாறு உங்கள் அறைக்கும் ரூட்டருக்கும் இடையிலான வைஃபையில். பிஜிகளில் இதுதான் வழக்கம். ஒரு மாடிக்கு ஒரு ரூட்டர், சுவருக்கு அந்தப் பக்கம் பத்து ரூட்டர்கள், எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில். அந்த அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், அதற்குச் சுவர் தாண்டும் பலம் குறைவு என்பதால் ரூட்டர் கண்ணில் படும் இடத்தில் உட்காருவது நல்லது. வழி இருந்தால் ஒரு கேட் 5இ கேபிளை இழுத்துவிடுங்கள். புது ஹெட்செட்டுக்குச் செலவிடுவதற்கு முன் இந்தக் கேபிளுக்குச் செலவிடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வோம்.

ரூட்டர் எண் நிதானமாக இருந்து 8.8.8.8 மட்டும் எகிறினால், பெரும்பாலும் வீட்டில் யாரோ அப்லோடை நிரப்புகிறார்கள். மொபைல் ஒன்று படங்களையும் வீடியோவையும் கிளவுடுக்கு ஏற்றும்போது ரூட்டரின் வரிசையில் பொட்டலங்கள் குவிகின்றன, உங்கள் குரல் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. பேக்கப்பை நிறுத்திப் பாருங்கள். எண் உடனே இறங்கினால் காரணம் உறுதி. ரூட்டரில் க்யூஓஎஸ் (எந்தப் பொட்டலத்துக்கு முன்னுரிமை என்று பிரிக்கும் வசதி) இருந்தால் அப்லோடு வரம்பை உண்மையான வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்கு வையுங்கள். ரூட்டருக்குள் வரிசை சேராமல் இருக்கத்தான் அந்த மிச்சம்.

யாரும் எதுவும் ஏற்றாதபோதும், தினமும் ஒரே நேரத்தில் எகிறினால் அது இணைய நிறுவனத்தின் நெரிசல். இரண்டு பிங் ஜன்னல்களின் ஸ்கிரீன்ஷாட்டையும் நேரத்தோடு சேர்த்துப் புகார் கொடுங்கள். "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொன்னால் ஸ்பீடு டெஸ்ட் எடுக்கச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

மொபைல் டேட்டாவில் இருப்பவருக்காகச் சேனலின் பிட்ரேட்டை 32 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கலாம், பேச்சுக்கு அது போதும். 96-க்கு ஏற்றுவதால் உடைந்த குரல் சரியாகாது.

"ஆர்டிசி கனெக்டிங்லயே நிக்குது", "நோ ரூட்னு வருது"

எழுத்துச் செய்தி போகும், குரல் மட்டும் இணையாது. குரல் யுடிபி (தொலைந்த பொட்டலத்தைத் திரும்ப அனுப்பாத முறை) வழியாகப் போகிறது, அந்த வழி எங்கோ அடைபட்டிருக்கிறது. விபிஎன்னை அணைத்துப் பாருங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் நிறுவனத்தின் விபிஎன்னோ பாதுகாப்பு மென்பொருளோ தடுக்கிறது என்றால் அதைத் தாண்ட முயல வேண்டாம், அந்த வேலைக்கு உங்கள் சொந்த மொபைல் இருக்கிறது. வீட்டு லைனிலும் இதே பிழை வந்தால் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை இணைந்து பாருங்கள். அதில் இணைந்தால் ரூட்டர் அல்லது அந்த லைன்தான் காரணம். வாய்ஸ் அண்டு வீடியோ பக்கத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள க்யூஓஎஸ் ஹை பாக்கெட் பிரையாரிட்டியை அணைப்பதும் சில ரூட்டர்களில் வேலை செய்யும். அந்த முன்னுரிமைக் குறியோடு வரும் பொட்டலங்களைத் தவறாகக் கையாளும் ரூட்டர்கள் உண்டு.

"நான் பேசுறது எனக்கே திரும்பக் கேக்குது"

எதிரொலி கேட்பவர் குற்றவாளி அல்ல. வேறு யாரோ ஸ்பீக்கரில் கேட்கிறார், அவருடைய மைக் உங்கள் குரலைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. கண்டுபிடிக்க ஒருவர் மட்டும் பேசுங்கள், மற்றவர்கள் வாய்திறக்க வேண்டாம். பேசாமலே யாருடைய வளையம் எரிகிறதோ அவர்தான். அவருக்கு மட்டும் எதிரொலி கேட்கவே கேட்காது, அதனால் "என்கிட்ட எல்லாம் சரியா இருக்கு" என்று உறுதியாகச் சொல்வார்.

அவரும் ஹெட்செட்தான் போட்டிருக்கிறார் என்றால் ஒலியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். மெல்லிய ஒயருள்ள இயர்போனிலும் மலிவான ஸ்பிளிட்டரிலும் ஸ்பீக்கர் ஒயரின் ஒலி மைக் ஒயருக்குள் கசியும். உங்கள் குரல் உங்கள் காதிலேயே, டிஸ்கார்டை மூடிய பிறகும் கேட்டால், விண்டோஸின் மைக் பிராப்பர்ட்டிஸில் லிஸன் டேபில் இருக்கும் டிக்கை எடுங்கள்.

"ப்ளூடூத் போட்டா கேம் சவுண்டே நாசமாகுது"

வழக்கமான ப்ளூடூத் ஹெட்செட்டுக்கு இரண்டு நிலைகள். பாட்டுக்கான நிலையில் ஸ்டீரியோ உண்டு, மைக் இல்லை. ஃபோன் பேசும் நிலையில் மைக் உண்டு, ஆனால் ஒலி மோனோ, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரியளவு. டிஸ்கார்ட் மைக்கைத் திறந்த கணமே ஹெட்செட் இரண்டாம் நிலைக்கு விழும். எதிரியின் காலடி எந்தப் பக்கம் என்று அதற்குப் பிறகு தெரியாது. இன்புட் டிவைஸாக லேப்டாப் மைக்கையோ தனி யுஎஸ்பி மைக்கையோ வைத்தால் ஹெட்செட் பாட்டு நிலையிலேயே நிற்கும். அப்போதும் ப்ளூடூத்தின் தாமதம் இருக்கும். சுடும் ஆட்டங்களுக்கு ஒயர் ஹெட்செட்தான் சரி.

யாராவது பேசும்போதெல்லாம் கேம் ஒலி தானாகத் தாழ்கிறது என்பது வேறு கோளாறு. விண்டோஸின் பழைய சவுண்டு ஜன்னலில் கம்யூனிகேஷன்ஸ் டேபைத் திறந்து 'டூ நத்திங்' என்று வையுங்கள். டிஸ்கார்டின் அட்டனுவேஷனையும் பூஜ்யமாக்குங்கள்.

"உன் மைக்ல கொர்ர்ர்னு ஒரு சத்தம்"

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் பெரும்பாலும் எர்த் சரியில்லை. பழைய வாடகை வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், எர்த் ஒயர் இணைத்திருக்க மாட்டார்கள். இது குரலுக்கான விஷயம் மட்டுமல்ல, பாதுகாப்புக்கும் வேண்டியது. எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சார்ஜரை எடுத்தும் நிற்கவில்லை என்றால் மைக் பூஸ்ட். மைக் பிராப்பர்ட்டிஸின் லெவல்ஸில் அது 20 அல்லது 30 டெசிபெலில் இருந்தால் 10-க்கோ பூஜ்யத்துக்கோ இறக்கி, மைக்கை அருகே கொண்டுவாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் சிறு ரிசீவர்) உள்ள வயர்லெஸ் ஹெட்செட்டில் பொரிவதுபோல ஒலி வந்தால், டாங்கிளுக்குப் பக்கத்துத் துளையில் யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் இருக்கிறதா பாருங்கள். யுஎஸ்பி 3 கிளப்பும் இரைச்சல் அதே அலைவரிசையில் விழுகிறது. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளைத் தள்ளி வைத்தால் போதும்.

"அண்ணா, பிஜிஎம்ஐ ஆரம்பிச்சதும் டிஸ்கார்டுல என் குரல் போயிடுது"

ஆண்ட்ராய்டில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு செயலிக்குத்தான் மைக். முன்னால் இருக்கும் கேம் அதை எடுத்துக்கொண்டால் டிஸ்கார்டுக்கு வெறும் மௌனம் போகும். கேமுக்குள் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்துவிட்டு டிஸ்கார்டில் வெளியேறி மீண்டும் சேருங்கள். சில நிமிடங்களில் டிஸ்கார்டே அறுந்துபோனால் பேட்டரி செட்டிங்கில் அதை 'அன்ரெஸ்ட்ரிக்டெட்' ஆக்குங்கள்.

சொந்த மம்பிள் சர்வர்: "வீட்ல வேலை செய்யுது, வெளியிலிருந்து வர முடியல"

ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உங்கள் சர்வருக்குத் திருப்பிவிடும் அமைப்பு) எல்லாம் சரியாக இருந்தும் நண்பர்களால் நுழைய முடியவில்லை என்றால், ரூட்டரின் வேன் (WAN, இணையப் பக்க) முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன, வெளியிலிருந்து உங்கள் ரூட்டருக்கு நேர்வழி கிடையாது. நிறுவனத்திடம் நிலையான முகவரிக்குப் பணம் கட்டலாம். பெங்களூரிலோ மும்பையிலோ தரவு மையம் வைத்திருக்கும் நிறுவனத்திடம் சிறிய வாடகை சர்வர் எடுப்பது இதைவிட நிம்மதி. மின்சாரம் போனாலும் அது ஓடும். பத்துப் பேருக்கு இருப்பதிலேயே சிறிய சர்வர் போதும். இருவர் ஒரே நேரத்தில் பேச, ஒவ்வொருவர் குரலும் மற்ற ஒன்பது பேருக்கு 72 கேபிபிஎஸ்ஸில் போனால் மொத்தம் சுமார் 1.3 எம்பிபிஎஸ்தான்.

இங்கே ஒரு பொறி உண்டு. மம்பிளின் போர்ட் 64738. டிசிபி (தொலைந்த பொட்டலத்தைத் திரும்ப அனுப்பும் முறை), யுடிபி இரண்டிலும் அதைத் திறக்க வேண்டும். டிசிபி மட்டும் திறந்தால் எல்லோரும் இணைவார்கள், குரலும் கேட்கும். ஏனென்றால் யுடிபி கிடைக்காதபோது மம்பிள் குரலையும் டிசிபி வழியே அனுப்பிவிடும். அதில் ஒரு பொட்டலம் தொலைந்தால் அது திரும்ப வரும்வரை பின்னால் உள்ள அனைத்தும் காத்திருக்கும். குரல் நின்று நின்று, பிறகு மொத்தமாகக் கொட்டும். உங்கள் பெயரில் ரைட் கிளிக் செய்து இன்ஃபர்மேஷனைத் திறந்து யுடிபி வரிசையில் எண்கள் ஏறுகின்றனவா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் வாடகை நிறுவனத்தின் ஃபயர்வால், சர்வருக்குள் இருக்கும் ஃபயர்வால் இரண்டிலும் யுடிபியைத் திறங்கள். ஒருவருக்கு மட்டும் ஏறவில்லை என்றால் அவருடைய நெட்வொர்க் செட்டிங்கில் ஃபோர்ஸ் டிசிபி டிக் விழுந்திருக்கிறதா பாருங்கள்.

கணினியை ஃபார்மேட் செய்த பிறகு பழைய பெயரில் நுழைய முடியவில்லை என்பது மம்பிளுக்கே உரிய சிக்கல். பதிவு செய்த பெயரை அது கடவுச்சொல்லோடு கட்டவில்லை, சான்றிதழோடு கட்டியிருக்கிறது. சர்வரின் தலைமை அட்மின் கணக்கான சூப்பர்யூசராக நுழைந்து ரெஜிஸ்டர்டு யூசர்ஸ் பட்டியலில் அந்தப் பெயரை நீக்கினால், அவர் புதிய சான்றிதழோடு மீண்டும் பதிவு செய்யலாம். பிறகு மறக்காமல் சர்டிஃபிகேட் விசார்டில் எக்ஸ்போர்ட் கொடுத்து, அந்தக் கோப்பை வேறு கருவியில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.